லிவர்பூல் தட்டில் மதுரைக் கோட்டை!

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளி எடுக்கப் போகிறவர்கள் தினமும் ஆயிரக்கணக்கில் அந்தத் தூணைக் கடக்கிறார்கள். அது யார் நினைவாக நிற்கிறது என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. பிளாக்பர்ன் என்ற ஆங்கிலேயக் கலெக்டரின் நினைவாக வைக்கப்பட்ட தூண் அது. 1837 வாக்கில் மதுரையைச் சுற்றியிருந்த கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை வெளியே விரியவிட்டவர் அவர்தான். அப்படிக் கிடைத்த இடத்தில் உருவானவைதான் வெளி வீதிகள். அளவெடுத்த மாரட், வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரி ஆகிய இருவரின் பெயரிலும் இன்றைக்கும் அங்கே வீதிகள் இருக்கின்றன.

கோட்டை போய்விட்டது. ஆனால், அது இடிபடுவதற்கு முன்பே அதன் காட்சி ஒன்று கடல் கடந்து போயிருந்தது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில், நீல நிறத்தில், சோறும் குழம்பும் போல அங்கே இறைச்சியும் உருளைக்கிழங்கும் பரிமாறும் ஒரு பீங்கான் தட்டின் நடுவில் அது ஏறி உட்கார்ந்துகொண்டது. 'வியூ இன் தி ஃபோர்ட், மதுரா' என்பது அந்தக் காட்சியின் பெயர். 'மதுரைக் கோட்டைக்குள் ஒரு காட்சி' என்று அர்த்தம். அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் மதுரையை 'மதுரா' என்றுதான் எழுதினார்கள். வடக்கே இருக்கும் மதுராவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்!

மதுரையைப் பார்த்தே இராத தொழிலாளிகளின் கையில், மதுரையைப் பார்க்கவே போகாத குடும்பங்களுக்காக, அந்தக் காட்சி எப்படித் தட்டில் ஏறியது?

மாமன் மருமகனைப் போல ஒரு ஜோடி

கதை இரண்டு ஓவியர்களிடம் தொடங்குகிறது. தாமஸ் டேனியல், அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியல். இங்கிலாந்திலிருந்து கிளம்பி 1786-ல் கல்கத்தா வந்து சேர்ந்தபோது வில்லியமுக்குப் பதின்பருவம்கூட முடியவில்லை. சித்தப்பாவுக்கு உதவியாளாக வந்த பையன், நாளடைவில் சித்தப்பாவுக்கு இணையான ஓவியன் ஆகிவிட்டான்.

வட இந்தியாவைச் சுற்றி முடித்த பிறகு, 1792-ல் இருவரும் சென்னைக்கு வந்தார்கள். திப்பு சுல்தானுடன் நடந்த மூன்றாம் மைசூர்ப் போர் அந்த வருடம் மார்ச்சில்தான் முடிந்திருந்தது. பாதைகள் கொஞ்சம் அமைதியானதும் தெற்கே பயணம் புறப்பட்டார்கள். மதுரை, ராமேஸ்வரம், பாபநாசம் அருவி, தஞ்சாவூர், திருச்சி என்று போன இடமெல்லாம் வரைந்தார்கள். கோடுகள் சரியாக விழ வேண்டும் என்பதற்காக, எதிரில் இருக்கும் காட்சியை லென்ஸ் வழியாகக் காகிதத்தில் விழவைக்கும் இருட்டுப் பெட்டியையும் பயன்படுத்தினார்கள். கேமராவுக்குப் பாட்டன் என்று அதைச் சொல்லலாம்.

ஊர் திரும்பியதும், அந்தச் சித்திரங்களைச் செம்புத் தகட்டில் செதுக்கி, அச்சடித்து, வண்ணம் தீட்டி 'ஓரியண்டல் சீனரி' என்ற பெயரில் 1795 முதல் 1808 வரை தொகுதி தொகுதியாக வெளியிட்டார்கள். மொத்தம் 144 படங்கள். முழு வரிசையின் விலை 210 பவுண்டு. அன்றைய இங்கிலாந்தில் உழைத்துச் சாப்பிடும் குடும்பம் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத தொகை அது. பிரபுக்களின் நூலகத்தில் பூட்டியிருந்த அந்தப் படங்கள் சாதாரண வீட்டுச் சமையலறைக்கு வந்தது பீங்கான் வழியாகத்தான்.

ஆறு மணி நேரத்தில் 1,200

பீங்கானில் படம் வேண்டுமென்றால், 18-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஒரே வழிதான். ஓவியர் ஒருவர் உட்கார்ந்து தூரிகையால் ஒவ்வொன்றாக வரைய வேண்டும். நேரமும் கூலியும் எக்கச்சக்கம்.

1756 ஜூலை 27-ம் தேதி லிவர்பூலில் ஜான் சாட்லர், கை கிரீன் என்ற இருவர் ஒரு காரியம் செய்தார்கள். ஆறு மணி நேரத்தில் 1,200-க்கும் அதிகமான சுவர் ஓடுகளில் படங்களை அச்சடித்துக் காட்டினார்கள். வெறும் வாய்ப்பேச்சாக இருக்கக் கூடாது என்று அதைச் சத்தியப் பிரமாணமாகவும் பதிவு செய்தார்கள். இந்த முறைக்குப் பெயர்தான் டிரான்ஸ்ஃபர் பிரிண்டிங். தமிழில் 'பெயர்ப்பு அச்சு' எனலாம்.

சின்ன வயதில் பபிள்கம் பேப்பரில் வரும் டாட்டூவைத் தண்ணீர் தொட்டுக் கையில் ஒட்டிய ஞாபகம் இருக்கிறதா? காகிதத்தை உரித்தால் படம் மட்டும் தோலில் நிற்கும். அடிப்படை அதேதான். தோலுக்குப் பதில் பீங்கான்.

ஆனால், சாட்லரும் கிரீனும் அச்சடித்தது மேல்பூச்சுக்கு மேலே. தேய்க்கத் தேய்க்கப் படம் அழிந்துவிடும். சுவர் ஓட்டுக்குச் சரி, தினமும் கழுவும் சாப்பாட்டுத் தட்டுக்கு ஆகாது. கண்ணாடி போன்ற அந்த மேல்பூச்சுக்கு அடியில் படம் இருக்க வேண்டும். அப்படிச் செய்தால், சூளையின் வெப்பத்தில் அன்றைய நிறங்கள் பெரும்பாலும் கருகியோ கலைந்தோ போயின. தாக்குப்பிடித்த நிறம் ஒன்று உண்டு. அது கோபால்ட் என்ற உலோகத்திலிருந்து கிடைக்கும் நீலம். ஸ்டோக் நகரத்தின் ஜோசையா ஸ்போட் 1784 வாக்கில் இந்த நீல அச்சைச் சாப்பாட்டுப் பாத்திரங்களுக்குக் கொண்டுவந்து வெற்றி கண்டார். பழைய ஆங்கிலத் தட்டுகளில் பெரும்பாலானவை நீலமாக இருப்பதற்குக் காரணம், அழகு உணர்ச்சி பாதி, சூளை பாதி!

அதிர்ஷ்டமும் சேர்ந்துகொண்டது. சீனாவிலிருந்து கப்பல் கப்பலாகப் பீங்கான் இறக்கிக்கொண்டிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி, 1791-ல் மொத்தக் கொள்முதலை நிறுத்தியது. காலியான அந்த இடத்தை நிரப்ப உள்நாட்டுப் பட்டறைகள் போட்டி போட்டன.

தட்டு பிறக்கும் விதம்

முதலில் செதுக்குகிறவர். செம்புத் தகட்டில் கூரான உளியால் கோடு கோடாக, புள்ளி புள்ளியாகப் படத்தை இறக்குவார். ஆழமான கோடு அடர் நீலமாகவும், மெல்லிய புள்ளிகள் வெளிர் நீலமாகவும் வரும். வானத்தின் மேகமும், மரத்தின் நிழலும் அந்தப் புள்ளிகளின் நெருக்கத்தில்தான் இருக்கின்றன. ஒரு படத்துக்கே வாரக்கணக்கில் வேலை இருக்கும்.

அடுத்து அச்சடிப்பவர். தகட்டைச் சூடுபண்ணி, எண்ணெயில் குழைத்த கோபால்ட் மையை அதன்மேல் தேய்த்து, பள்ளங்களில் மட்டும் மை தங்கும்படி மேலே துடைத்துவிடுவார். சோப்புக் கரைசல் தடவிய மெல்லிய டிஷ்யூ காகிதத்தை மேலே வைத்து, உருளை இயந்திரத்தில் அழுத்தினால், படம் காகிதத்துக்கு வந்துவிடும்.

அந்த ஈரக் காகிதத்தைச் சிறுமிகள் கத்தரிப்பார்கள். நடுக் காட்சி ஒரு துண்டு, விளிம்புக்கான பூ வேலைப்பாடு சில துண்டுகள். பிறகு பெண்கள் அவற்றை ஒருமுறை சுட்ட, மேல்பூச்சு இல்லாத தட்டின்மேல் ஒட்டி, விறைப்பான தூரிகையால் அழுத்தித் தேய்ப்பார்கள். தண்ணீரில் காகிதத்தைக் கழுவினால், மை மட்டும் தட்டில் நிற்கும். லேசான சூட்டில் எண்ணெயைப் போக்கி, மேல்பூச்சில் முக்கி, மறுபடியும் சூளையில் வைப்பார்கள். அதுவரை மங்கலாகக் கிடந்த கோடுகள், சூளையிலிருந்து வரும்போதுதான் நீலமாக ஜொலிக்கும்.

லிவர்பூலின் ஹெர்குலேனியம் பட்டறை இப்படித்தான் இந்தியக் காட்சிகளைத் தட்டில் ஏற்றியது. 1796-ல் மெர்சி நதிக்கரையில் தொடங்கப்பட்ட பட்டறை அது. டேனியல்களின் படங்களைப் பார்த்து ஒரு வரிசையே வெளியிட்டார்கள். அலகாபாத், ராஜ்மகால் கல்லறைக் கட்டடங்களோடு மதுரைக் கோட்டையும் அதில் இடம்பிடித்தது. பணம் கொடுத்து அனுமதி வாங்கவில்லை. புத்தகப் படத்தைப் பீங்கானில் எடுத்துப்போடுவதைத் தடுக்கும் சட்டம் அப்போது நடைமுறையில் இல்லை.

நம்பலாமா, கூடாதா?

இங்கேதான் நகரக் காட்சித் தட்டின் சுவாரஸ்யமும் சிக்கலும் இருக்கின்றன. ஓவியர் ஊரைப் பார்த்தார். செதுக்குகிறவர் ஓவியத்தைப் பார்த்தார், ஊரைப் பார்க்கவில்லை. நீள்சதுரப் படத்தை வட்டத் தட்டுக்குள் திணிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு. ஓரத்தில் இருப்பதை வெட்டுவார், காலியான இடத்தில் மரம் நடுவார், தேவைப்பட்டால் வேறொரு படத்திலிருந்து ஆளையோ மாட்டையோ கூட்டிவருவார்.

நல்ல உதாரணம், ஸ்போட் பட்டறை 1811-ல் வெளியிட்ட ரோம் நகரத் தட்டு. டைபர் நதி, பாலம், சான்ட் ஏஞ்சலோ கோட்டை, பின்னால் புனித பீட்டர் பேராலயம் எல்லாம் அதில் உண்டு. அவற்றோடு ட்ராஜன் தூணும் நதிக்கரையில் நிற்கிறது. ரோமுக்குப் போய் அந்தத் தூணை நதிக்கரையில் தேடினால் கிடைக்காது. அது நகரத்தின் வேறொரு பகுதியில் இருக்கிறது. மீனாட்சி அம்மன் கோயில் கோபுரத்தை அழகர்கோவில் மலையடிவாரத்தில் வரைந்த மாதிரிதான்!

ஆகவே, பழைய தட்டை ஒரு நகரத்தின் போட்டோ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்டடத்தை ஓரளவு நம்பலாம். சுற்றியிருக்கும் மரத்தையும் மாட்டையும் மனிதரையும் மூலப் படத்தோடு ஒப்பிட்ட பிறகே நம்ப வேண்டும். வரலாற்று ஆய்வாளர்கள் தட்டையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அதனால்தான்.

சண்டை போட்டவருக்கும் ஒரு தட்டு

வியாபாரிக்கு நிரந்தர எதிரி கிடையாது என்பதற்கும் இந்தத் தட்டுகள் சாட்சி. 1812-ல் தொடங்கிய பிரிட்டன் - அமெரிக்கப் போர் 1815-ல் ஓய்ந்தது. அடுத்த சில வருடங்களிலேயே இங்கிலாந்துப் பட்டறைகள் அமெரிக்க நகரங்களைத் தட்டில் அச்சடித்து, அமெரிக்கர்களுக்கே விற்க ஆரம்பித்துவிட்டன.

ரிட்ஜ்வே சகோதரர்கள் 'பியூட்டீஸ் ஆஃப் அமெரிக்கா' என்று ஒரு வரிசை போட்டார்கள். நியூயார்க் நகர மன்றம், பாஸ்டன் அரசு மாளிகை எல்லாம் அதில் உண்டு. ஆஸ்பத்திரிகளும் ஏழைகள் விடுதிகளும்கூட உண்டு. புதிதாகப் பிறந்த நாடு தன் ஊரில் எழும்பிய ஒவ்வொரு பொதுக் கட்டடத்தையும் பெருமையாக நினைத்த காலம் அது. ஆண்ட்ரூ ஸ்டீவன்சன் பட்டறை, டபிள்யூ.ஜி.வால் என்ற ஓவியரின் படத்தை வைத்து, புரூக்ளின் மேட்டிலிருந்து தெரியும் நியூயார்க்கை அச்சடித்தது. 1824-ல் பிரெஞ்சுத் தளபதி லஃபாயத் நியூயார்க்கில் வந்து இறங்கிய காட்சியைக் குளூஸ் சகோதரர்களின் பட்டறை தட்டில் பிடித்தது. அமெரிக்க விடுதலைக்காக இங்கிலாந்தை எதிர்த்துப் போரிட்டவர் லஃபாயத். அவரைக் கொண்டாடும் தட்டைச் செய்து விற்றது இங்கிலாந்து!

வானளாவிய கட்டடங்கள் வருவதற்கு முந்தைய நியூயார்க்கை, மாதாகோயில் கோபுரங்களும் பாய்மரக் கப்பல்களுமாக இன்று அந்தத் தட்டுகளில் பார்க்கலாம். மதுரைக் கோட்டையைப் போலவே, அங்கேயும் ஊர் மாறிவிட்டது, தட்டு மாறவில்லை.

அழகுக்குப் பின்னால் இருந்த கைகள்

தட்டின் பின்புறத்தில் பட்டறையின் முத்திரை இருக்கும். காகிதம் கத்தரித்த சிறுமியின் பெயர் இருக்காது.

பீங்கான் தொழிலின் தலைநகரமான ஸ்டாஃபர்ட்ஷயர் பகுதிக்கு 1840-41-ல் சாமுவேல் ஸ்க்ரிவன் என்ற அரசு விசாரணை அதிகாரி போனார். தொழிற்கூடங்களில் வேலை செய்யும் குழந்தைகளின் நிலையை அறியப் போனவர், அவர்களிடமே பேசி வாக்குமூலம் பதிவு செய்தார். சூடும் ஈரமுமான அச்சுக்கூடங்களில் நாள் முழுக்க நின்றபடி காகிதம் கத்தரித்த சிறுமிகளும் அந்த விசாரணையில் வருகிறார்கள். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் ரோமையும் நியூயார்க்கையும் கத்தரித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

மேல்பூச்சுக் கூடத்தில் ஆபத்து இன்னும் அதிகம். அன்றைய மேல்பூச்சில் ஈயம் கலந்திருந்தது. வெறுங்கையால் தட்டுகளை அதில் முக்கி முக்கி எடுத்தவர்களுக்கு வயிற்றுவலியும், கை செயலிழப்பதும் வந்தன. அந்தப் பளபளப்புக்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தவர்கள் தட்டை வாங்கியவர்கள் அல்லர்.

1842-ல் பிரிட்டனில் வந்த காப்புரிமைச் சட்டம், புத்தகப் படங்களை இஷ்டத்துக்கு எடுத்துப்போடும் வழக்கத்துக்குக் கடிவாளம் போட்டது. அதன் பிறகு உண்மையான ஊர்கள் குறைந்து, எங்கேயும் இல்லாத ஏரி, மலை, மாடம் எல்லாம் சேர்ந்த கற்பனைக் காட்சிகள் தட்டுகளில் பெருகின. நகரக் காட்சிகள் பிற்பாடு சுற்றுலா நினைவுப் பொருளாக மறுபடியும் வந்தன. பிரிட்ஜில் ஒட்டும் இன்றைய ஊர் மேக்னட்டுக்கு அந்த நினைவுத் தட்டுகள் மூத்த அக்கா.

பரணில் ஒன்று இருக்கிறதா?

உங்கள் வீட்டுப் பரணிலோ, பாட்டியின் கண்ணாடி அலமாரியிலோ ஊர்க் காட்சி போட்ட பீங்கான் தட்டு இருந்தால், இவற்றைப் பாருங்கள்.

பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: தூரிகை இழுத்த தடம் தெரிந்தால் கையால் வரைந்தது. நுணுக்கமான கோடுகளும் புள்ளிகளும் தெரிந்தால் பெயர்ப்பு அச்சு. பத்திரிகைப் படம் போல ஒரே சீரான வண்ணப் புள்ளிகள் தெரிந்தால், அது பிற்காலத்து ஸ்டிக்கர் அச்சு.

விளிம்பைச் சுற்றி வாருங்கள்: எங்காவது பூவோ கொடியோ சட்டென்று வெட்டுப்பட்டு, அடுத்த துண்டோடு சரியாகப் பொருந்தாமல் நிற்கலாம். அது குறை அல்ல. காகிதத் துண்டுகள் சந்தித்த இடம். கையால் ஒட்டியதற்கு அதுவே அடையாளம்.

திருப்பிப் பாருங்கள்: 'இங்கிலாந்து' என்று மட்டும் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தால், பெரும்பாலும் 1891-க்குப் பிறகு செய்தது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890-ல் அமெரிக்கா போட்ட சட்டம்தான் காரணம். 'மேட் இன் இங்கிலாந்து' என்று இருந்தால் அநேகமாக 20-ம் நூற்றாண்டு.

அதில் சாப்பிட வேண்டாம்: பழைய மேல்பூச்சில் ஈயம் இருக்கலாம். விரிசலோ தேய்மானமோ இருந்தால் ஆபத்து கூடும். புளிக்குழம்பு, ரசம், ஊறுகாய் போன்ற புளிப்பான எதையும் அதில் வைக்கக் கூடாது. மைக்ரோவேவ் அடுப்பிலும் வைக்க வேண்டாம். மிதமான நீரில் மெல்லிய துணியால் துடைத்து, தாங்கியில் நிறுத்தி அலமாரியில் வைப்பதே நல்லது.

இந்தத் தொழில் முழுக்க மறைந்துவிடவில்லை. ஸ்டோக் நகரத்தில் இருக்கும் மிடில்போர்ட் பட்டறையில், 'பர்லி' என்ற பெயரில் விற்கும் பாத்திரங்களுக்கு இன்றும் டிஷ்யூ காகிதத்தைக் கையால் ஒட்டித் தேய்க்கிறார்கள். 1880-களின் இறுதியில் கட்டப்பட்ட அந்தப் பட்டறை மூடப்படும் நிலைக்கு வந்தபோது, அன்றைய இளவரசர் சார்லஸின் அறக்கட்டளை ஒன்று 2011-ல் அதை மீட்டுப் புதுப்பித்தது. ஒரு காலத்தில் ஊரெல்லாம் செய்த வேலையை இன்று பார்வையாளர்கள் போய் நின்று பார்க்கிறார்கள்.

மதுரைத் தட்டைச் செய்த ஹெர்குலேனியம் பட்டறைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1840 வாக்கில் அது மூடப்பட்டது. இங்கே மதுரையில் கோட்டைச் சுவர் இடிந்துகொண்டிருந்த அதே காலம். கோட்டை இருந்த இடம் வீதியானது. பட்டறை இருந்த இடத்தில் 1866-ல் கப்பல்துறை வந்தது, பெயர் மட்டும் 'ஹெர்குலேனியம் டாக்' என்று நிலைத்தது, இங்கே மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் வீதிப் பெயர்களில் நிலைத்ததைப் போலவே.

கல்லால் கட்டிய கோட்டையும் செங்கல்லால் கட்டிய பட்டறையும் போய்விட்டன. கைதவறினால் உடைந்துபோகும் ஒரு சாப்பாட்டுத் தட்டு, இருநூறு வருடம் தாண்டி, யாரோ பத்திரமாகக் கழுவித் துடைத்து வைத்ததால் மட்டுமே இன்னும் இருக்கிறது.